அதிரடியின் காலம்

1

கணபதியில் எங்கள் வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்தால் சத்தி ரோடு. காந்திபுரத்தில் புறப்பட்டு, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி என்று ஊர்களைத் தாண்டிச் சத்தியமங்கலம் போய், பண்ணாரியில் மலையடிவாரத்தைத் தொட்டு, 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் திம்பத்தில் காட்டுக்குள் நுழைகிற சாலை. லேத் பட்டறைச் சத்தத்துக்கும் ஃபவுண்டரிப் புகைக்கும் பழகிய எங்களுக்குக் காடு என்பது அந்தச் சாலையின் மறுகோடியில் இருந்த ஒரு வதந்தி. நான் பள்ளியில் படித்த காலத்தில் அந்த வதந்திக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வீரப்பன். மற்றது அதிரடிப்படை.

2004 அக்டோபர் 18 இரவு, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, ஓர் ஆம்புலன்ஸ் வண்டியில் வந்த வீரப்பனும் சேத்துக்குளி கோவிந்தன், சந்திர கவுடா, சேதுமணி ஆகிய மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வண்டியை ஓட்டி வந்தவர் அதிரடிப்படையைச் சேர்ந்தவர். மறுநாள் காலை, என் அப்பாவோடு பட்டறையில் வேலை செய்தவர் ஒருவர் எங்கள் சந்து முழுக்க மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு வழியா முடிஞ்சுதுங்க" என்றார். "ஆமாங்க, எத்தன வருசம்" என்றார் அப்பா. நானும் கை நீட்டி வாங்கித் தின்றேன். புளியம்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்து ஊரொன்றில் பிறந்த என் அம்மாயி மட்டும், மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப அந்தக் காட்டுச் சனத்த இனி உட்டுருவாங்களா கண்ணு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. வீரப்பன் பிடித்து வைத்திருந்தவர்களைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் கேட்டது வேறு என்று புரிய எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. இப்போது எழுத உட்கார்ந்ததும் அந்தக் கேள்வியின் பொருட்டுத்தான். ஒரு சமூகம் தன்னுடைய சாதாரணப் போலீஸும் சாதாரண ராணுவமும் போதாதென்று விசேஷப் படையொன்றைச் சிருஷ்டிக்கும்போது, அந்தப் படையிடம் எதை ஒப்படைக்கிறது? பயிற்சி, துணிவு, நல்ல துப்பாக்கி என்பது பதிலின் ஒரு பாதி. அந்தப் பாதியைச் சினிமாவும் பத்திரிகையும் வேண்டிய மட்டும் நமக்குச் சொல்லிவிட்டன. மறுபாதியைப் பற்றித் தமிழில் நாம் யோசித்தது குறைவு.

2

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘ஸ்பெஷல் டாஸ்க் ஃபோர்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு குமாஸ்தாத்தனம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வேலைக்காகத் தனியே அமைக்கப்பட்ட குழு என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. தமிழில் பெயரிட்டவர்கள் அதை மொழிபெயர்க்கவில்லை. அதிர்ச்சியையும் அடியையும் சேர்த்து ‘அதிரடி’ என்றார்கள். ஃபைலுக்குரிய பெயர் தெருவுக்குரிய பெயராயிற்று. கடலுக்கு அப்பால் இலங்கையிலும் 1980களில் அமைக்கப்பட்ட போலீஸ் பிரிவுக்குத் தமிழர்களிடையே வழங்கும் பெயர் ‘விசேட அதிரடிப்படை’ என்பதே. பிரிட்டிஷ் சிறப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நடத்திய தனியார் கம்பெனி ஒன்று அதற்குப் பயிற்சி அளித்தது. திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும், போதிய சாட்சியம் இல்லையென்று, 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அங்கே அந்தச் சொல்லைக் கேட்கிறவன் மனத்தில் எழும் படமும் இங்கே ‘அதிரடித் தள்ளுபடி’ என்று ஜவுளிக்கடை பேனரில் படிக்கிறவன் மனத்தில் எழும் படமும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆனால் இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லுக்குள் ஒரு காலம் இருக்கிறது. அதிரடி என்பது கணம். எதிர்பாராத நேரத்தில் விழுவது, விழுந்ததும் முடிந்துபோவது. தள்ளுபடிக்குக் கூட ‘மூன்று நாட்கள் மட்டும்’ என்று கெடு வைக்கிறார்கள். நீடிக்கிற அதிரடி என்பது சொல்லளவிலேயே முரண்பாடு.

இந்தக் காலப் பிரக்ஞை நம்முடைய இலக்கணத்தில் பழையது. தொல்காப்பியத்தின் புறத்திணையியலில் போர் வெட்சியில் தொடங்குகிறது. வெட்சி குறிஞ்சிக்குப் புறம். அதாவது மலை, இரவு, ரகசியம். அகத்தில் களவாக இருப்பதுதான் புறத்தில் ஆநிரை கவர்தலாகிறது. ஆசிரியர் அங்கேயும் ‘களவு’ என்ற சொல்லையே ஆள்கிறார். யார் செய்யும் களவு? வேந்தன் அனுப்பிய வீரர்கள் செய்வது. எங்கே? வேற்றுப்புலத்தில். இன்றைய விசேஷப் படைக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. தனி மனிதன் செய்தால் குற்றமாகும் காரியம், வேந்தன் ஏவியதால், அயல்நிலத்தில் நிகழ்வதால், இருளில் தொடங்கி விடியலில் முடிவதால், குற்றமாகாமல் துறையாகிறது.

அந்தத் துறைகள் பதினான்கு. படை நகரும் ஓசை, நற்சொல் கேட்டல், யாரும் அறியாத செலவு, ஒற்று என்று ஒரு ராணுவ அறிக்கையின் ஒழுங்கில் வரிசை செல்கிறது. நடுவில் ‘ஊர்கொலை’ என்று ஒரு துறை. அதற்கு இரண்டு துறைகள் தள்ளி ‘நோயின்று உய்த்தல்’. கவர்ந்த மாடுகளை வருத்தாமல் ஓட்டி வருதல் என்று பொருள். ஊரைக் கொல்வதற்கும் மாட்டை நோகாமல் நடத்துவதற்கும் ஒரே பட்டியலில் இடமிருந்ததைப் பார்த்து நாம் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது வரிசையின் முடிவு. பாதீடு, உண்டாட்டு, கொடை. வீரர்கள் ஊர் திரும்புகிறார்கள், பங்கிடுகிறார்கள், குடிக்கிறார்கள், கொடுக்கிறார்கள். வெட்சிக்கு ஒரு கடைசித் துறை உண்டு. அது வீட்டில் முடிகிறது.

ஆக, களவைத் துறையாக்கும் அனுமதிக்கு இரண்டு எல்லைகள். காலத்தில் அது கணம். இடத்தில் அது அயல்நிலம். இந்த இரண்டும் இல்லாமற்போனால் அந்த அனுமதி என்னவாகிறது? சத்தியமங்கலத்துக் காடு அதைக் காட்டியது.

3

வீரப்பனைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு காலத்தில் நிலவிய மயக்கத்தை முதலில் கழித்துவிட வேண்டும். மாநகரத்து அறைகளில் இருந்தபடி சிலர் அவனுக்கு ஒரு காவிய நிழலை வரைந்தார்கள். 1991 நவம்பர் 10 அன்று, அவனைச் சரணடைய வைத்துவிடலாம் என்று நம்பிப் போன வன அதிகாரி ஸ்ரீனிவாஸைக் கொன்று தலையைத் துண்டித்தவன் அவன். 1992 ஆகஸ்டில் மைசூர் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் துணை ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் அவன் விரித்த வலையில் மாண்டார்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர். போலீஸ்காரர்கள் மட்டுமல்ல, வனக் காவலர்களும், வழிகாட்ட அழைத்துவரப்பட்ட சாதாரணர்களும். துப்புக் கொடுத்ததாகச் சந்தேகித்து அவன் கொன்ற கிராமத்தார் பலர். இத்தகைய ஒருவனை நிறுத்த ஓர் அரசு படை அனுப்பியதில் தார்மிகச் சிக்கல் எதுவும் இல்லை. அனுப்பாமல் இருந்திருந்தால்தான் சிக்கல்.

தமிழகப் படை வால்டர் தேவாரம் தலைமையிலும் கர்நாடகப் படை சங்கர் பிதரி தலைமையிலும் காட்டுக்குள் சென்றன. எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்தது. 1993இலிருந்து கணக்கிட்டால் 2004 வரை பதினோரு வருஷம். கணம் என்று பொருள்படும் சொல் பதினோரு வருஷம் ஒரு மலையில் குடியிருந்தது.

குடியிருக்கும் படைக்கு எதிரி கண்ணில் படுவது அபூர்வம். தினமும் கண்ணில் படுவது ஜனங்கள். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிற சோளகர், மாடு மேய்க்கிற லிங்காயத்துகள், அடிவாரத்தில் சோளமும் ராகியும் விதைக்கிற குடியானவர்கள். அவனுக்கு அரிசி கொடுத்தாயா என்று இவர்கள் கேட்பார்கள். இவர்களிடம் பேசினாயா என்று அவன் கேட்பான். இரண்டு கேள்விக்கும் ஒரே முதுகுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வேற்றுப்புலம் என்று இலக்கணம் சொன்ன இடத்தில் தொட்டிகள் இருந்தன. அங்கே வாக்காளர் பட்டியலும் ரேஷன் கார்டும் பள்ளிக்கூடமும் இருந்தன. சொந்த நிலத்தை அயல்நிலமாகக் காண்பதற்குப் படை பழகியது. படை பழகியதை நாமும் பழகினோம்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. சட்டவிரோதக் காவல், மின்சார ஷாக், காணாமற்போன கணவர்கள் என்று சாட்சியங்கள் அதன் முன் வந்தன. மாதேஸ்வரன் மலை முகாமில் விசாரணை நடந்த ஓர் இடத்தைச் சாட்சிகள் ‘ஒர்க் ஷாப்’ என்ற பெயரால் குறிப்பிட்டார்கள். பட்டறைகளின் நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். கணபதியில் ஒர்க் ஷாப் என்றால் சோறு. என் அப்பா மோட்டார் ஷாஃப்ட் கடைந்த இடம். அந்தச் சொல்லை அந்தச் சாட்சியத்தில் படித்த பிறகு அது எனக்குப் பழையபடி திரும்பக் கிடைக்கவில்லை.

குழு 2003 கடைசியில் அறிக்கை தந்தது. 2007 ஜனவரியில் ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கச் சொன்னது. ‘நிவாரணம்’ என்ற சொல்லின் இலக்கணத்தைப் பாருங்கள். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் கொடுப்பது. பெறுகிறவர் அதில் இருக்கிறார், செய்தவர் இல்லை. இதற்கு முன்பே, 2004இல், அதிரடிப்படையில் இருந்தவர்களுக்குத் தமிழக அரசு தலைக்கு மூன்று லட்ச ரூபாயும் ஒரு படி பதவி உயர்வும் வீட்டு மனையும் அறிவித்துவிட்டது. பாதீடும் கொடையும் முறைப்படி நடந்தேறின. ஊர்கொலை என்ற துறைக்குரிய கேள்விதான் மூன்று வருஷம் பின்னால் நடந்து வந்தது.

அதே 2004இல் வெளிவந்த ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலை இந்தப் பக்கங்களை வாசிக்கும் நண்பர்கள் அறிவார்கள். நாவலின் கலை அமைதி பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனக்கும் உண்டு. பிற்பகுதியில் சாட்சியம் புனைவை விழுங்கிவிடுகிறது என்று ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். இன்று அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாட்சி சொல்ல வேறு இடம் இல்லாதபோது நாவலுக்குள் வந்து நிற்கிறவனைப் பார்த்து, இது கலைக்கான அறை, வெளியே போ என்று சொல்லும் அதிகாரம் விமர்சகனுக்கு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை அவிழாத முடிச்சு ஒன்று உண்டு. 2000 ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் தொட்டகாஜனூரிலிருந்து கடத்திப் போய் 108 நாள் வைத்திருந்தான். அவன் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, தடா சட்டத்தில் மைசூர்ச் சிறையில் கிடந்தவர்களின் விடுதலை. இரண்டு அரசுகளும் வழக்கைக் கைவிட இசைந்தன. கொல்லப்பட்ட ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் சென்றார். மிரட்டலுக்குப் பணிந்து வழக்கை விடுவது சட்டத்துக்கு இழுக்கு என்றார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மகனைப் பறிகொடுத்த தகப்பன் கேட்டதில் ஓர் எழுத்துக்கூடத் தவறு இல்லை. ஆனால் 2001இல் தடா நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அந்தக் கைதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஒருவருடைய நியாயமான பிடிவாதம், அவர் பெயர்கூட அறியாத நூறு பேரின் சிறைவாசத்தை நீட்டித்தது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்போது பிழை எங்கே இருக்கிறது? விசாரணையே இல்லாமல் எட்டு வருஷத்தை நகர விட்ட ஏற்பாட்டில் இருக்கிறது. மறுபடியும் காலம்.

4

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது தேசியப் பாதுகாப்புப் படை டெல்லி அருகே மானேசரில் இருந்தது. அது மும்பை வந்து சேர மறுநாள் காலை ஆயிற்று. அந்த இரவின் ஒவ்வொரு மணிக்கும் உயிர்கள் விலை. தாஜ் ஓட்டலுக்குள் ஏறிய மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் திரும்பவில்லை. 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்குத் தளங்கள் வந்தபோது, வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரைப் பறிகொடுத்த கோயமுத்தூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது போலித்தனம்.

நாம் நிம்மதியாக உறங்குவதற்காகக் கரடுமுரடான சிலர் விழித்திருக்கிறார்கள் என்று ஜார்ஜ் ஆர்வெல் சொன்னதாக ஒரு வாசகம் மேடைதோறும் உலவுகிறது. ஆர்வெல் அப்படி எழுதவில்லை. பிற்காலத்தில் அவர் தலையில் ஏற்றப்பட்டது. இருந்தாலும் வாசகத்தில் உண்மை இல்லாமல் இல்லை. என் சங்கடம் அதன் இரண்டாம் பாதியில் இல்லை. ‘உறங்குவதற்காக’ என்ற முதல் பாதியில்தான். விழித்திருக்கிறவன் இருக்கிறான், சரி. அதனால் உறங்குகிறவனுக்கு எதையும் அறியாமல் இருக்கும் உரிமை வந்துவிடுகிறதா?

மும்பையையும் சத்தியமங்கலத்தையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. மும்பையில் ஒரு கட்டடம், அதற்கு ஒரு வாசல். ஏறக்குறைய அறுபது மணி நேரம், அதற்கு ஒரு முடிவு. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் படை பஸ்ஸில் ஏறிப் போயிற்று. காட்டில் வாசல் இல்லை, கடிகாரம் இல்லை, பார்க்கிறவன் இல்லை. வீரத்தில் இரண்டு படைகளுக்கும் தரவித்தியாசம் கற்பிக்க எனக்கு விருப்பமில்லை. அட்டையும் மலேரியாவும் தின்னக் காட்டில் கிடந்த கான்ஸ்டபிளின் கஷ்டம் மெய்யானது. சொல்ல வந்தது, ஒரே மனிதனைக் கணத்தில் நிறுத்தினால் ஒன்றாகவும் வருஷங்களில் நிறுத்தினால் இன்னொன்றாகவும் ஆகிறான் என்பது.

மேலைச் சிந்தனையில் இந்தப் பிரச்னைக்கு ‘அழுக்கான கைகள்’ என்று பெயர். ஸார்த்தர் 1948இல் எழுதிய நாடகத்தின் தலைப்பை எடுத்துக்கொண்டு மைக்கேல் வால்ஸர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல நோக்கத்துக்காகத் தவறான காரியம் செய்ய நேர்ந்த அரசியல்வாதி, அது அவசியமாக இருந்தது என்பதால் குற்றமற்றவனாகிவிடுவதில்லை. தான் அழுக்கானதை அவன் அறிந்திருக்க வேண்டும், அதற்குரிய விலையும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். காம்யுவின் ‘நீதிமான்கள்’ நாடகத்தில் வரும் காலியாயெவ் நிஜ மனிதன். 1905இல் முதல் முறை வண்டியில் குழந்தைகள் இருந்ததால் குண்டை எறியாமல் திரும்பினான். அடுத்த முறை எறிந்தான், தப்பி ஓடவில்லை, தூக்கில் தொங்கினான். அவன் செய்ததை ஏற்காதவனும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கு அவன் உயிரிலேயே முடிந்தது.

நம் பக்கத்தில் சௌப்திக பர்வம் இருக்கிறது. இரவில் காக்கைகளைக் கொல்லும் கோட்டானைக் கண்டு பாடம் கற்ற அசுவத்தாமன், வாசலில் கிருபனையும் கிருதவர்மனையும் நிறுத்திவிட்டு, உறங்கும் பாசறைக்குள் நுழைகிறான். ஆள்வலிமை மூன்று, நேரம் ஓர் இரவு, இழப்பு இல்லை. ராணுவக் கல்லூரியில் பாடமாக வைக்கத்தக்க தாக்குதல். வியாசர் அவனுக்குக் கொடுப்பது மரணமல்ல. ஆறாத புண்ணோடு மூவாயிரம் வருஷம் தனியே அலையும்படி கிருஷ்ணன் சபிக்கிறான். ஓர் இரவுக்கு மூவாயிரம் வருஷம். கணத்தில் செய்தது கணத்தோடு போவதில்லை என்று அந்தக் கவிக்குத் தெரிந்திருந்தது. நம் காலத்தின் விசேஷம் என்னவென்றால், அலைவது கொன்றவன் அல்ல. கணவன் என்ன ஆனான் என்று கேட்டுக் கச்சேரி கச்சேரியாகப் போன பெண்கள்தான் அலைந்தார்கள்.

5

இது நம் காட்டின் தனிப் பிணி அல்ல. ‘கமாண்டோ’ என்ற சொல்லின் சரித்திரமே போதும். அது தென்னாப்பிரிக்க போயர் விவசாயிகளின் சொல். 1899இலிருந்து 1902 வரை நடந்த போரில், குதிரையேறி வந்து அடித்துவிட்டு மறைந்த குடியானவர் குழுக்களின் பெயர். அவர்களைப் பிடிக்க முடியாத பிரிட்டிஷ் ராணுவம் பண்ணைகளை எரித்தது, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. அவர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1940இல், பிரிட்டன் தன் சொந்த விசேஷப் படைக்கு அந்த எதிரியின் பெயரையே சூட்டிக்கொண்டது. எதிரியின் பெயரோடு எதிரியின் முறையும் வந்தது. அந்த முகாம்கள் மட்டும் பெயரில் இடம்பெறவில்லை.

ஆஸ்திரேலியா ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிய விசேஷப் படையைப் பற்றி நீதிபதி பிரெரெட்டன் அறிக்கை 2020 நவம்பரில் வெளிவந்தது. 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதாகவும் 25 வீரர்கள் சம்பந்தப்பட்டிருப்பதாகவும் நம்பத்தகுந்த தகவல் உண்டென்றது. புதிதாகச் சேர்ந்தவனைக் கைதியொருவனைச் சுடச் செய்து ‘ரத்தம் காட்டும்’ வழக்கம் இருந்ததாகவும் சொன்னது. அதே சிறிய குழுவைச் சேர்ந்தவர்கள் அதே போருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அங்கேயும் அதிரடி குடியேறிவிட்டிருந்தது. ஆனால் அந்த அறிக்கையை எழுதச் சொன்னதும் வெளியிட்டதும் அதே ராணுவம் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம்முடையது வேறு மாதிரி. 2021 டிசம்பர் 4 மாலை நாகாலாந்து மோன் மாவட்டம் ஓட்டிங் கிராமத்தருகே, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வேனில் வீடு திரும்பிய தொழிலாளர்கள் மேல் பாரா கமாண்டோ பிரிவு ஒன்று, தீவிரவாதிகள் என்று எண்ணிச் சுட்டது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். தொடர்ந்த கலவரத்தையும் சேர்த்துப் பொதுமக்களில் 14 பேர். மாநிலப் போலீஸ் 30 பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கு நடத்த மத்திய அரசு 2023இல் அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது, அனுமதி வந்தால் தொடரலாம் என்ற குறிப்போடு. அங்கே நேர்ந்தது பிழையாகவே இருக்கலாம். பிழை என்றால் அதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டாமா?

சாதாரண இலாகாக்கள் மட்டும் யோக்கியமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் மடக்கினார். நியாயமான கேள்வி. 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடி நுழைந்தவர்கள் கமாண்டோக்கள் அல்ல. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைச் சிப்பந்திகள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. விசேஷப் படையால்தான் கொடுமை நேரும் என்பது என் வாதமல்ல. ஆனால் வாச்சாத்திக்கு ஒரு பின்கதை உண்டு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது வருஷம் ஆனாலும், அன்று அந்த ஊருக்குள் யார் போனார்கள் என்பதற்கு வருகைப் பதிவேடும் டூட்டிப் பட்டியலும் இருந்தன. பெயர் உள்ளவன் கூண்டில் ஏற முடியும். விசேஷப் படையின் விசேஷம் அங்கேதான் இருக்கிறது. பெயரை மறைப்பது அதன் இயல்பு. சில மணி நேரத்துக்கு அது தேவை. பதினோரு வருஷத்துக்கு அது விபரீதம்.

6

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. வந்த பணம் எந்தத் தலைப்பில் சேர வேண்டும் என்று உடனே தெரியாதபோது, அன்றைய கணக்கு நேராக வேண்டுமென்பதற்காக, அதைத் தற்காலிகமாக அங்கே போட்டு வைப்போம். அதில் தப்பே இல்லை. அது இல்லாமல் கவுண்டரை மூட முடியாது. ஆனால் அங்கே போட்டது அங்கேயே இருக்கக் கூடாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதியைத்தான் பார்ப்பார். எத்தனை நாளாக இந்தப் பதிவு கிடக்கிறது? ஏன் இன்னும் உரிய தலைப்பில் ஏறவில்லை? பழைய பதிவு சின்னத் தொகையாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியது. மோசடிகள் வளர்வது அங்கேதான் என்று புதிதாகச் சேர்ந்த கிளார்க்குக்கும் தெரியும்.

விசேஷப் படை ஓர் அரசின் சஸ்பென்ஸ் கணக்கு என்று எனக்குப் படுகிறது. சட்டத்தின் எந்தத் தலைப்பில் வைப்பது என்று அந்த நொடியில் தெரியாத செயல்களுக்கு அப்படியோர் இடம் தேவைப்படலாம். அந்த இடம் வேண்டாம் என்று சொல்கிற சுத்தம் எனக்கு இல்லை. ஆனால் தேதி கேட்க வேண்டும். யார் போட்டது, எப்போது போட்டது, எப்போது எடுப்பது என்று கேட்கிறவன் ஒருவன் வேண்டும். வீரப்பன் செத்த பிறகும் அந்தப் படைப் பிரிவு கலைந்துவிடவில்லை. படை இருக்கட்டும். காட்டின் மேல் எழுதிய பதிவுகள் என்ன ஆயின? 89 பேருக்கு நிவாரணம் என்று எழுதி வரவு பற்றாக்கியதைக் கணக்கு முடித்தல் என்று எந்தக் கிளார்க்கும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மலையோரக் கிளையொன்றில் போஸ்டிங். நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்கத் தொட்டிகளிலிருந்து ஜனங்கள் வருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து டோக்கனுக்குக் காத்திருப்பார்கள். எங்கள் கிளையின் காவலாளி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், காக்கி யூனிஃபார்ம், தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. அவர் ஹாலைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கிழவர் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பார். கடந்து போனதும் உட்காருவார். திரும்பி வந்தால் மறுபடி எழுவார். ஒரு நாள் காவலாளிக்கே தாங்கவில்லை. "உக்காருங்க பெரியவரே, நான் சும்மா கேட்டைப் பாத்துட்டு வாரனுங்க" என்றார். கிழவர் தரையைப் பார்த்தபடி, "இருக்கட்டும் சாமி" என்றார். உட்காரவில்லை.

ஏன் எழுந்து நிற்கிறீர்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் காட்டுகிற வழக்கமான மரியாதையாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். இரண்டு வருஷம் அந்தக் கவுண்டரில் இருந்தேன். மாதம் ஒருமுறை அவர் ரேகையை வாங்கினேன். கேட்பதற்கு என்ன தடை? க்யூ நீளம், நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் பதில் சொல்லிவிட்டால், அந்தப் பதிலை நான் எந்தத் தலைப்பில் வைப்பேன் என்பது எனக்குத் தெரியவில்லை. படைக்கு ரகசியத்தை அரசு கொடுத்தது என்கிறோம். அதில் பெரும்பகுதியைக் கொடுத்தது என்னைப் போன்றவர்கள். நாங்கள் கேட்கவில்லை.

இப்போது பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு இரவில் வாகனங்கள் ஏற முடியாது. 2013இல் அது புலிகள் காப்பகமாயிற்று. விலங்குகள் ரோட்டில் அடிபடாதிருக்க 2022இலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை. நல்ல காரியம். அந்தக் காட்டில் இரவை ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். சத்தி ரோட்டில் நின்று பார்க்கும்போது எனக்கு அந்த மிட்டாய் ஞாபகம் வருகிறது. முடிஞ்சுது என்று சொல்லிக் கொடுத்தது. முடிந்ததா என்று கேட்டவள் அம்மாயி ஒருத்திதான். அவள் இப்போது இல்லை. கேள்வி என் பெயரில் நிலுவையில் இருக்கிறது.